ஒரு போன், ஒரு கம்பளி, இரண்டு நிமிடக் கதை: நீலகிரி வகுப்பறையில் டிஜிட்டல் கதைவழி மொழிப்பாடம்

கூடலூர்ப் பக்கம் ஒரே பெஞ்சில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வீட்டில் மலையாளம், இன்னொருவர் வீட்டில் பணியர் மொழி, மூன்றாமவர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வந்தால் பல வீடுகளில் படுக மொழி. தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே தமிழ்ப் பாடநூல். வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுவார்கள். "நேத்து சாயங்காலம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் இரண்டு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். அந்த மூன்றாவது சொல்லைப் பேசவைக்கும் வழி ஒன்றைத்தான் இங்கே விளக்குகிறோம்.

டிஜிட்டல் கதைசொல்லலில் பிள்ளை தனக்கு நடந்த ஒன்றைத் தன் குரலிலேயே சொல்கிறது. அந்தக் குரலின்மேல் பன்னிரண்டு படங்கள் ஓடுகின்றன. மொத்தம் இரண்டு நிமிடம். 1990களில் கலிபோர்னியாவில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் சாதாரண மக்களுக்காக நடத்திய பட்டறைகளிலிருந்து இந்த முறை உலகெங்கும் பரவியது. மொழி வகுப்புக்கு இது இவ்வளவு பொருந்திப்போவதற்குக் காரணம் குரல்பதிவுதான். தன் குரல் தனக்கே பிடிக்கிற வரைக்கும் ஒரு வாக்கியத்தைப் பிள்ளை ஏழெட்டு முறை தானாகவே சொல்லிப் பார்க்கும். பாடநூல் வாக்கியத்தை எட்டு முறை சொல்லச் சொல்லிப் பாருங்கள், மூன்றாவது முறையே சலித்துவிடும். அதனால் கிடைக்கிற நேரத்தில் பாதியைக் குரலுக்குக் கொடுங்கள். வீடியோ சுமாராக வந்தாலும் பரவாயில்லை.

என்னென்ன வேண்டும்

30 பிள்ளைகள் என்றால் ஐந்தைந்து பேராக 6 குழு. மூன்று ஸ்மார்ட்போன் இருந்தால் குழுக்கள் மாறி மாறிச் செய்துவிடலாம். சிம் இல்லாத பழைய போனே போதும், 2 ஜிபி காலி இடம் இருக்க வேண்டும். ஒரு வயர் இயர்போன், ஒரு பவர் பேங்க், இரண்டு கம்பளிப் போர்வை, ஏ4 தாள், கலர் பென்சில். மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் முந்தின இரவே எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

தொகுப்பதற்கு கைன்மாஸ்டர், இன்ஷாட் போன்ற செயலிகளில் ஒன்று போதும். இலவசப் பதிப்பில் மூலையில் அவர்கள் முத்திரை விழும், அது இருந்துவிட்டுப் போகட்டும். நெட் கிடைக்கிற இடத்திலேயே செயலியை இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை முழு வேலையையும் செய்து பாருங்கள். சில எழுத்துருக்களும் விளைவுகளும் நெட் இல்லாமல் திறக்காது. அது வகுப்பில் வைத்துத் தெரியவந்தால் அந்தப் பாடவேளை வீண். பள்ளியில் கணினி இருந்தால் ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு ஓப்பன்ஷாட். இரண்டும் இலவசம்.

ஏழு பாடவேளை ஒதுக்குங்கள்: கதை எடுக்க 1, எழுத 1, குரலுக்கு 3, படத்துக்கு 1, தொகுக்க 1.

கதையை வெளியே எடுப்பது

"ஒரு கதை சொல்லு" என்றால் காக்காய் வடைக் கதை வரும், இல்லாவிட்டால் போன வாரம் பார்த்த சினிமா வரும். பிள்ளைமேல் தப்பில்லை, கேட்ட விதம் அப்படி. வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: கொழுந்துக்கூடை, கிழிந்த குடை, டார்ச்லைட், பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி. கொண்டுவந்ததும், "இது தொலைஞ்சா வீட்ல யார் முதல்ல தேடுவாங்க?" என்று கேளுங்கள். கதை அங்கே தொடங்கும். பொருள் கொண்டுவராத பிள்ளைக்கு மூன்று கேள்விகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: முதல்முறை தனியாகப் பஸ் ஏறிய நாள், கரன்ட் இல்லாத ஒரு ராத்திரி, காட்டுமாடு வாசலுக்கு வந்த காலை.

ஐந்து பேர் வட்டமாக உட்காரட்டும். ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். "அப்ப நாய் எங்க இருந்துச்சு?" என்பது மாதிரிக் கேள்விகளைப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். எழுதும்போது இடைவெளிகளை நிரப்பப்போவது அந்தக் குறிப்புகள்தான்.

இந்த முதல் சொல்லலை வீட்டு மொழியிலேயே விட்டுவிடுங்கள். படுக மொழியிலோ பணியர் மொழியிலோ ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்த பிள்ளைக்கு எது முதலில், எது முடிவு என்பது பிடிபட்டுவிடுகிறது. பிறகு தமிழில் சொல் தேடுவது மட்டுமே வேலை. கதையையும் சொல்லையும் ஒரே நேரத்தில் தேடச் சொன்னால் இரண்டும் கிடைக்காது. ஹட்டி (படுகர் ஊர்), மந்து (தோடர் ஊர்) போன்ற ஊர்ச் சொற்களை "கிராமம்" என்று மாற்ற வேண்டாம். அவை தமிழ் வாக்கியத்துக்குள் அப்படியே நிற்கட்டும்.

எழுத்து: பேச்சுக்கும் ஏட்டுக்கும் நடுவே

இரண்டு நிமிடத்துக்கு 150 சொல் போதும். பிள்ளைகள் நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்குச் சுமார் 75 தமிழ்ச் சொற்கள்தான் வரும். ஆங்கிலக் கையேடுகளில் பார்க்கும் 130, 150 என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது, நம் சொற்கள் நீளமானவை. வட்டத்தில் சொன்னவற்றில் ஒன்றை எடுத்து ஐந்து பேர் சேர்ந்து ஒரே கதை என்றால் ஆளுக்கு 30 சொல். "குரல் ஒருத்தர், படம் ஒருத்தர்" என்று வேலையைப் பிரித்துவிட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையே பேசும், பேச வேண்டிய பிள்ளை பென்சில் சீவிக்கொண்டிருக்கும். படமும் தொகுப்பும் யார் வேண்டுமானாலும் செய்யட்டும், 30 சொல் மட்டும் எல்லோர் வாயிலிருந்தும் வர வேண்டும்.

ஆசிரியர் பேனாவை எடுக்காமல் இருப்பது இந்தக் கட்டத்தில் கஷ்டம்தான், ஆனாலும் எடுக்காதீர்கள். "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் மலையிலே" என்று ஒரு வரியை நீங்கள் சேர்த்தால் பதிவில் அந்த வரி மட்டும் தனியாக இடறும். வாயில் வராத வாக்கியத்தை எத்தனை முறை பதிந்தாலும் அது ஒப்பித்தலாகத்தான் கேட்கும்.

குரல் பேச்சுத் தமிழிலா, எழுத்துத் தமிழிலா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். எங்கள் முடிவு: குரல் பேச்சுத் தமிழில், திரையின் அடியில் ஓடும் வரி எழுத்துத் தமிழில். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே இந்த முறையின் சிறந்த இலக்கணப் பாடம். ஒரு துண்டைப் பாருங்கள்.

குரல்: "அம்மா கொழுந்து கொண்டு வந்தாங்க. தராசுல வச்சாங்க. இருபது கிலோ. எல ஈரம்னு ரெண்டு கிலோ கழிச்சுட்டாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான் அழுதேன்."

அடிவரி: "அம்மா கொழுந்து கொண்டுவந்தார். தராசில் வைத்தார். இருபது கிலோ. இலை ஈரம் என்று இரண்டு கிலோ கழித்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அழுதேன்."

பேச்சில் "-ஆங்க" மூன்று இடத்தில் வருகிறது. வந்தது அம்மா, மரியாதைக்கு "-ஆங்க". கழித்தது எடை போட்டவர்கள், பன்மைக்கு "-ஆங்க". நடுவில் "வச்சாங்க", அது யார்? பேசும்போது கை காட்டிவிடலாம். எழுதும்போது வைத்தாரா, வைத்தார்களா என்று பிள்ளை முடிவு செய்தே ஆக வேண்டும். எழுத்துத் தமிழில் எழுவாயும் பயனிலையும் ஏன் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் கிடைக்காது. அடுத்து "வச்ச, கழிச்ச" என்பவை "வைத்த, கழித்த" ஆகின்றன. இதே மாதிரி மாறும் சொற்களை வகுப்பே சேர்க்கட்டும்: சிரிச்ச, அடிச்ச, படிச்ச, மறைச்ச. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து. பத்துச் சொல் சேர்ந்ததும் முன்னால் இ, ஐ ஓசை வந்தால் "த்த" பேச்சில் "ச்ச" ஆகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். விதியை முன்கூட்டிச் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

வீட்டு மொழியைப் பொறுத்துத் தடுமாற்றமும் மாறும். மலையாளத்தில் நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் "வந்நு" ஒன்றே. ஆகவே அந்தப் பிள்ளைகள் தமிழ் வினையின் வாலை விட்டுவிடுவார்கள். இதற்கு மருந்து ஒரே ஐந்து வாக்கியத்தை "நான்" என்று ஒருமுறை, "அவள்" என்று ஒருமுறை, "நாங்கள்" என்று ஒருமுறை பதிவு செய்வது. கால் மணி நேர வேலை. இந்தியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். வீட்டில் இந்தி பேசும் பிள்ளைகளுக்கு "மழை வந்தது, பஸ் வந்தது" என்கிற அஃறிணை முடிவைத் தனியாகப் பழக்க வேண்டும்.

ஆங்கில வகுப்புக்கும் இதே வழிதான். எட்டு எளிய இறந்தகால வாக்கியம், ஒரு நிமிடம், அடியில் தமிழ் வரி. தொடக்கத்தில் அதற்குமேல் வேண்டாம்.

குரல்பதிவு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூரில் தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் எந்தப் பதிவும் தேறாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மோசம். அந்த மாதங்களில் கதை எடுப்பதையும் எழுதுவதையும் முடித்து வைத்துக்கொண்டு, மழை விட்ட காலைப் பொழுதுகளைப் பதிவுக்கு ஒதுக்குங்கள். அறை மூலையில் இரண்டு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். அதைவிட நல்ல இடம் நிறுத்தி வைத்த ஜீப் அல்லது கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் சீட்டுத் துணி எதிரொலியை விழுங்கிக்கொள்ளும்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் மூச்சு மைக்கில் மோதி டப் டப் என்று கேட்கும். பெரும்பாலான போன்களில் மைக் ஓட்டை அடிப்பக்கம் இருக்கும். பிள்ளைகள் பிடிக்கிற பிடியில் உள்ளங்கை அதை மூடிவிடும், ஆகவே போனைப் புத்தக அடுக்கின்மேல் வைத்துவிடுங்கள். இயர்போனில் இருக்கும் மைக்கில் பதிய வேண்டாம். குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள், மைக் கம்பளி நூலில் உரசி கரகரவென்று கேட்கும். இயர்போன் திரும்பக் கேட்பதற்கு மட்டும். பதிவுக்கு முன் ஏரோப்ளேன் மோட் போடுங்கள். நல்ல டேக் (ஒருமுறைப் பதிவு) நடுவே அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே நின்றுவிடும்.

முழுக் கதையையும் ஒரே மூச்சில் பதியாதீர்கள். ஒரு பிள்ளையின் 30 சொல் ஒரு கோப்பு, சுமார் 25 நொடி. தடுமாறினால் அதை மட்டும் திரும்பப் பதியலாம். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் மூன்று நொடி மௌனம் விடுங்கள், வெட்டி ஒட்டுவதற்கு அது தேவை. கோப்புக்குப் பெயர் எண்ணில் இருக்கட்டும்: 3-2-5 என்றால் மூன்றாம் குழு, இரண்டாம் பிள்ளை, ஐந்தாம் டேக். எவ்வளவு மோசமாக இருந்தாலும் முதல் டேக்கை அழிக்காதீர்கள்.

தாளைப் பார்த்தால் பிள்ளைக்குச் செய்யுள் ஒப்பிக்கிற ராகம் தானாக வந்துவிடும். மூன்றாவது டேக்கில் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். போனுக்குப் பின்னால் ஒரு தோழனை உட்காரவைத்து, "அவன்கிட்ட சொல்லு" என்று விட்டுவிடுங்கள். ஓரிரு சொல் மாறும், மாறட்டும். நடுவில் "ம்" கொட்டுகிற ஆள் எதிரே இருந்தால் குரல் தானாகவே இறங்கி வரும். அந்த "ம்" சத்தம் பதிவில் விழாமல் தலையை மட்டும் ஆட்டச் சொல்லுங்கள்.

உச்சரிப்பைக் காதால் மட்டும் திருத்த வேண்டியதில்லை. "பாட்டு" என்றும் "பாடு" என்றும் பதிந்து ஆடாசிட்டியில் அலைவரியைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். "பாட்டு" நடுவே கோடு படுத்துவிடும், "ட்ட" சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிக் காற்று நின்ற இடம் அது. "பாடு" என்பதில் அந்தப் பள்ளம் அநேகமாக இருக்காது. ஒற்றெழுத்தை விழுங்குகிற பிள்ளை தன் அலைவரியில் பள்ளம் இல்லாததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடும். ழ, ள, ல வேறுபாட்டுக்கு இந்த வித்தை உதவாது. அதற்கு "பழம், பள்ளம், பலம்" என்று பதிந்து இயர்போனில் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் வழி.

ஒரு பிள்ளைக்கு ஒரு கதையில் இரண்டு திருத்தம் போதும். ஐந்து சொன்னால் ஆறாவது டேக்கில் குரலே எழும்பாது. எந்த இரண்டு என்பதை முதல் டேக் கேட்டதும் எழுதி வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த கதைக்குத் தள்ளிவிடுங்கள்.

படம்

12 படம், ஒன்றுக்கு 10 நொடி. குரல் முடிந்த பிறகே படத்தைத் தொடுங்கள். படத்திலிருந்து தொடங்கினால் கதை போய், "இது எங்க வீடு, இது எங்க ஆடு" என்று பட்டியலாகிவிடும். குரல் சொல்வதையே படமும் காட்ட வேண்டியதில்லை. "அம்மா ஒண்ணும் சொல்லல" என்னும் இடத்தில் அம்மா முகம் வேண்டாம், கறை படிந்த விரல்கள் போதும்.

குளிரில் வெளியே இருந்த போனை அடுப்பு எரிகிற சமையலறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் விட்டு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். பனிமூட்டத்தில் போன் கேமரா வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே மேலே தள்ளுங்கள். வரைந்த படத்தை ஜன்னலோரம் தரையில் வைத்து நேர் மேலிருந்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கவும். நெட்டில் கிடைத்த படம் வேண்டாம். அவசியம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் ஓவியங்கள் உண்டு, ஓவியர் பெயரைக் கடைசியில் போட்டுப் பயன்படுத்தலாம். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கி மங்கலாக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், சிக்னல் இல்லாவிட்டால் ப்ளூடூத்.

படம் எடுக்க அந்தி நேரத்தில் யாரையும் அனுப்பாதீர்கள். காட்டுமாடு, கரடி, யானை நடமாடுகிற இடங்கள் இவை. பகலில், இருவர் மூவராக, வீட்டைச் சுற்றி மட்டும். கோயில், மந்து, சடங்கு, பாட்டு எதைப் பதிவதானாலும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில இடங்களில் "வேண்டாம்" என்பார்கள், அத்தோடு விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் முகம் தெரிகிற படத்துக்கு வீட்டிலிருந்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் வந்தாலும் வீடியோவில் முழுப்பெயர், ஊர், பள்ளி மூன்றும் சேர்ந்து வர வேண்டாம்.

தொகுப்பு

முதலில் குரல் கோப்புகளை வரிசையில் அடுக்கி, நடுவே அரை நொடி மூச்சு விடுங்கள். பிறகு படங்கள், கடைசியில் அடிவரி. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சில செயலிகளில் தமிழ் உடையும்: "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் அடிவரியைத் தாளில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதிப் படம்பிடித்து ஒட்டிவிடுங்கள். எங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் அதிகம் பிடிக்கும்.

சினிமாப் பாட்டு கூடாது, உரிமைப் பிரச்சினை. இசையே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் குரல் 100 என்றால் இசை 10. 720பி அளவில் எம்பி4 கோப்பாக எடுத்தால் இரண்டு நிமிடம் 30 எம்பி அளவில் நிற்கும், பென்டிரைவில் போட்டு வகுப்பு டிவியில் ஓடும். சில டிவிகள் தமிழில் பெயரிட்ட கோப்பைக் கட்டம் கட்டமாகக் காட்டும். இங்கேயும் எண்ணே பெயர்.

மதிப்பெண்

படத்தை மூடிவிட்டுக் குரலை மட்டும் ஓடவிடுங்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டுவிட்டு என்ன நடந்தது என்று சொல்ல முடிந்தால் 4. அடிவரியில் வினைமுடிவுகள் சரியாக இருந்தால் 3. முதல் டேக்குக்கும் கடைசி டேக்குக்கும் உள்ள முன்னேற்றத்துக்கு 3. வீடியோ அழகுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மதிப்பெண் வைத்தால் வீட்டில் நல்ல போன் இருக்கிற பிள்ளைதான் முதலில் வரும்.

கொழுந்து எடை முடிந்து பெற்றோர் வரக்கூடிய ஒரு மாலையில், அல்லது ஞாயிற்றுக்கிழமையில் திரையிடுங்கள். தமிழ் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே முன்னால் நின்று வீட்டு மொழியில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு வீடியோவைப் போடட்டும். திரையிட்ட மறுநாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, இயர்போனில் அதன் முதல் டேக்கையும் கடைசி டேக்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். முதல் டேக்கை வேறு யாரும் கேட்கக் கூடாது.